இனாமும் நிபந்தனையும்

இனாம் என்றால் வேண்டாம் என்று சொல்லும் மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. சந்தித்திருந்தால் அவரைக் கதாநாயகராக்கி ஒரு நாவலே எழுதியிருப்பேன். எங்கள் திண்டுக்கல் மார்க்கெட்டில் இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கினால் கடைக்காரர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போடுவார். காரில் வந்து இறங்குகிற பெரிய மனிதரும் அந்தக் கொத்துக்காக ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. கொசுறு என்பது வியாபாரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு அன்பு.

கொசுறுக்கு ஓர் இலக்கணம் உண்டு. பையில் விழுந்த மாத்திரத்தில் அது நம்முடையதாகிவிடும். "இந்தக் கறிவேப்பிலையை 30 நாளுக்குள் 30 ரசத்தில் போட்டுத் தீர்க்க வேண்டும், சாம்பாரில் போட்டால் கணக்கில் சேராது, நடுவில் வேறு கடைக்குப் போனால் இலையைத் திருப்பித் தந்துவிட வேண்டும்" என்று எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் அவர் கடையில் ஈ கூட உட்காராது.

ஆனால், இதே மாதிரி நிபந்தனைகளோடு இனாம் கொடுத்து ஒரு வியாபாரம் நம் நாட்டில் பல வருஷம் அமோகமாக நடந்தது. செல்போனில் பணம் வைத்து ஆடிய ரம்மியைத்தான் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 34 வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். தபால் உறையைப் பிரித்து உள்பக்கத்தில் கணக்குப் போடுவார். தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைத்துக் கடைசித் துணுக்குவரை கரைப்பார். இவர் பணம் வைத்துச் சீட்டாடுகிறார் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். ஒரு நாள் அவரே செல்போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, நீங்க எழுதுறவுக. இதுல என்னதான் எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். நிபந்தனைகள் எறும்பு ஊர்ந்த மாதிரி பக்கம் பக்கமாக ஓடின. இரண்டு தடவை படித்தேன். இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். தன் கதாபாத்திரத்தை இத்தனை சாமர்த்தியமாகச் சிக்கவைத்த ஆசிரியர் யாரையும் நான் கண்டதில்லை.

விஷயம் இதுதான். நீங்கள் 2,000 ரூபாய் கட்டினால் கம்பெனியும் 2,000 ரூபாய் 'வரவேற்பு போனஸ்' கொடுக்கும். ஆகா, எவ்வளவு தாராளம்! ஆனால் அந்த 2,000 ரூபாய் உடனே கைக்கு வராது. சொந்தப் பணத்தில் 100 ரூபாய் ஆட்டம் ஒன்று ஆடினால் போனஸிலிருந்து 5 ரூபாய் விடுதலையாகும். 30 நாளுக்குள் விடுதலையாகாதது காலாவதி. சில மேஜைகளில் ஆடினால் கணக்கில் சேராது. நடுவில் கட்டிய பணத்தைத் திரும்ப எடுத்தால், மிச்சமிருக்கும் போனஸ் பறிமுதல்.

பெரியவரின் உறையின் உள்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். நூற்றுக்கு ஐந்து என்றால், 2,000 ரூபாயை மீட்க 40,000 ரூபாய்க்கு ஆட வேண்டும். ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் கம்பெனி 10 ரூபாய் கமிஷன் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் சராசரி ஆட்டக்காரர், வெற்றியும் தோல்வியும் சரிக்குச் சரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 40,000 ரூபாய் ஆடி முடிப்பதற்குள் கமிஷன் மட்டும் 4,000 ரூபாய் போயிருக்கும். இரண்டாயிரம் ரூபாய் இனாமுக்கு விலை நாலாயிரம் ரூபாய்!

எங்கள் ஊர் பூட்டுக்குப் பேர் போனது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. இங்கே பூட்டுச் செய்கிறவர் நம் கண் முன்னே பூட்டித் திறந்து காட்டி, சாவியைக் கையில் கொடுத்த பிறகுதான் காசு வாங்குவார். இந்தக் கம்பெனியோ பூட்டை நம்மிடம் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன் மடியில் முடிந்துகொண்டது.

போனஸ் மட்டுமா? அந்தஸ்து வேறு உண்டு. வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று படிகள். ஆட ஆடப் புள்ளிகள் சேரும். புள்ளிகள் சேரச் சேரப் படி ஏறலாம். ஆனால் மாதம் பிறந்தால் புள்ளிகள் பூஜ்யத்துக்குப் போய்விடும். பெரியவர் ஒரு மாதம் 26-ஆம் தேதிக்குள் வெள்ளியில் முக்கால் தூரம் வந்துவிட்டார். தங்கத்துக்கு இன்னும் கொஞ்சம்தான். "இருபத்தாறு நாள் பாடுபட்டது வீணாப் போகலாமா தம்பி?" என்று கேட்டார். கடைசி நாலு நாளில் அவர் கட்டிய பணம், முதல் 26 நாளில் கட்டியதைவிட அதிகம்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கிற்று. சூதாடுகிறவன் பேராசைக்காரன் என்றுதானே நாம் நினைக்கிறோம்? இவரிடம் பேராசை லவலேசமும் கிடையாது. இவரைப் பிடித்திழுத்தது சிக்கனம். சோப்புத் துணுக்கை வீணாக்க மனம் வராத அதே குணம்தான், போனஸைக் காலாவதியாக விடவும் மறுத்தது. நடுத்தரக் குடும்பத்தில் பிறந்த நம் எல்லோருக்கும் தாய்ப்பாலோடு வந்த குணம் அது. அதையே தூண்டிலாக வளைக்கலாம் என்று யாரோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்திருக்கிறான்.

கண்டுபிடித்தவர்கள் யார் என்று தேடினால் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. 1998-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் காரி லவ்மேன் என்பவர், ஹாராஸ் என்ற சூதாட்ட விடுதிக் கம்பெனியில் அதிகாரியாகச் சேர்ந்தார். வாடிக்கையாளர்களின் அட்டைகளில் பதிவான விவரங்களை அலசினார். 2003-ல் அவரே எழுதிய கட்டுரையில் முடிவைச் சொல்லியிருக்கிறார்: ஆட வருகிறவர்களில் 26 சதவீதம் பேர் 82 சதவீத வருமானத்தைத் தருகிறார்கள். அவர்கள் பட்டுச் சட்டை போட்ட கோடீசுவரர்கள் அல்ல. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், மருத்துவர்கள், வங்கி ஊழியர்கள், இயந்திரத் தொழிலாளிகள். நேரமும் கொஞ்சம் பணமும் கையில் உள்ள நடுவயதுக்காரர்களும் முதியவர்களும். இவர்களுக்காகத்தான் அங்கே தங்கம், பிளாட்டினம், வைரம் என்று படிகள் உண்டாயின. மேல்படிக்காரருக்கு வரிசை நீளம் குறைவு. கீழ்ப்படிக்காரர் நின்றபடி அதைப் பார்த்து ஏங்க வேண்டும். லாஸ் வேகாஸில் நட்ட கன்று எங்கள் தெருத் திண்ணைவரை கிளை விட்டிருக்கிறது, பாருங்கள்!

ஆனாலும் இந்த வித்தைக்கு முன்னோடிகள் நம்மிடமே இருந்தார்கள். பாரதத்தில் முதல் சூதில் தருமபுத்திரர் எல்லாவற்றையும் தோற்றார். திரௌபதி கேட்ட வரத்தால், திருதராஷ்டிரன் தோற்றதை எல்லாம் திருப்பிக் கொடுத்தான். கதை அங்கே முடிந்திருக்கலாம். ஊருக்குத் திரும்பும் வழியில், இன்னும் ஒரே ஓர் ஆட்டம் என்று மறுபடி அழைப்பு வந்தது. கையில் மீண்டும் பொருள் வந்துவிட்டதல்லவா? தருமர் போனார். விளைவு, 12 வருஷ வனவாசமும் ஒரு வருஷ அஞ்ஞாதவாசமும். போன பணத்தில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்து மறுபடி மேஜைக்கு அழைக்கும் தந்திரம் இன்று நேற்று வந்ததல்ல.

வள்ளுவரும் சூதுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். சூதில் கிடைத்த வெற்றிகூட, தூண்டில் முள்ளை மீன் விழுங்கியது போலத்தான் என்பது அவர் கருத்து. அவர் காலத்தில் ஜெயித்த பிறகுதான் இரை கிடைத்தது. இந்தக் காலத்திலோ, ஆட உட்காருவதற்கு முன்பே வாயில் ஊட்டிவிடுகிறார்கள்.

சர்க்கார் சும்மா இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. ரம்மியைப் பற்றி 1967 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. செகந்தராபாத்தில் ஒரு கிளப்பைப் பற்றிய வழக்கு அது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றார்கள் நீதிபதிகள். அதே தீர்ப்பில், ஆட்டத்திலிருந்து கிளப்காரர் லாபம் சம்பாதித்தால் குற்றமாகலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ரம்மிக் கம்பெனிகளின் விளம்பரங்கள் முதல் பாதியை ஓயாமல் முழங்கின. இரண்டாவது பாதி நிபந்தனைகளைப் போலவே சின்ன எழுத்தாகிவிட்டது.

தமிழ்நாட்டில் 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் ஹைகோர்ட் ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்தது. 2023 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தது. அந்த நவம்பரிலேயே ரம்மியையும் போக்கரையும் ஹைகோர்ட் விடுவித்தது. 2025 பிப்ரவரியில், இரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று விதி வந்தது. அப்போது பெரியவர் சொன்ன குறை எனக்கு மறக்காது. "ஆடுற நேரத்துல அஞ்சு மணி போயிருச்சு. போனஸ் முடியிற தேதியை மட்டும் அவங்க தள்ளிப் போடலையே!"

வரி விஷயமும் இப்படித்தான். 2023 அக்டோபரிலிருந்து, கட்டும் பணத்துக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. 100 ரூபாய் கட்டினால் வரிக்கு 22 ரூபாய் போல் போய், 78 ரூபாய்தான் ஆட்டத்துக்கு மிஞ்சும். இவருடைய கம்பெனி அந்த 22 ரூபாயையும் போனஸாக நிரப்பிவிட்டது. ரொக்கமாகக் கட்டிய வரி, நிபந்தனையுள்ள இனாமாகத் திரும்பி வந்தது. பெரியவர் அதையும் வரவில் எழுதிக்கொண்டார்.

பிரிட்டனில் இத்தகைய போனஸ்களுக்கு 2025-ல் ஒரு வரம்பு அறிவித்தார்கள்: போனஸ் தொகையைப் போல் பத்து மடங்குக்கு மேல் ஆடும்படி நிர்ப்பந்திக்கக் கூடாது. நம் பெரியவரை இருபது மடங்கு ஆடச் சொன்னார்கள். நம் நாட்டில் இழையைக் கத்தரிக்காமல் துணியையே எடுத்துவிட்டார்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், தடை செய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்டு 22-ஆம் தேதி ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். சில நாளில் கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன.

மறு வாரம் பெரியவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். கணக்கில் கிடந்த கொஞ்சம் ரொக்கம் திரும்பி வந்துவிட்டதாம். போனஸ் வரவில்லையாம். அதைக் கேட்டுக் கம்பெனிக்கு நான் காரசாரமாக ஒரு கடிதம் எழுதித் தர வேண்டுமாம்.

நோட்டைப் புரட்டினேன். முத்து முத்தான கையெழுத்து. 14 மாதக் கணக்கு. முதல் பத்தி 'கட்டியது': 1,86,000 ரூபாய். இரண்டாவது 'எடுத்தது': 61,000. மூன்றாவது 'போனஸ் வகையில் வரவு': 1,10,000. மொத்த நஷ்டம் 15,000 ரூபாய். மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். "ஒரு பொழுதுபோக்குக்கு இது அதிகமா தம்பி?" என்றார்.

அந்த மூன்றாவது பத்திதான் அவரை 14 மாதம் நிம்மதியாகத் தூங்கவைத்திருக்கிறது. பிறர் எழுதிய கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர் அவர். கைக்கு வராத 1,10,000 ரூபாயைத் தம் கையாலேயே வரவு வைத்திருக்கிறார். அத்தனையும் ஒழுகுகிற மாடித் தளத்தைச் செப்பனிட ஒதுக்கிவைத்த பணம். ஐப்பசி மழை பிறக்க இன்னும் ஒன்றரை மாதம்தான் இருந்தது. அவர் வீட்டு அம்மாள் சமையலறையில் எங்கெங்கே குண்டான் வைக்க வேண்டும் என்று மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

நான் கடிதம் எழுதவில்லை. "ஐயா, உங்கள் சங்கத்தில் திரும்பி வரவே வராத கடனை எப்படி எழுதுவீர்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

பெரியவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் சிவப்பு மைப் பேனா கேட்டு வாங்கினார். மூன்றாவது பத்தியின் குறுக்கே, ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு இழுத்தார். முதல் பத்தியிலிருந்து இரண்டாவதைக் கழித்து, 1,25,000 என்று கீழே எழுதினார். எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது. அடித்த பத்தியின் பக்கத்தில், 34 வருஷப் பழக்கத்தில், 'வாராக்கடன் - தள்ளுபடி' என்று குறித்துத் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

அந்தக் கம்பெனியோடு பழகிய நாளிலிருந்து அவர் எத்தனையோ தள்ளுபடிகளைப் பார்த்துவிட்டார். நிபந்தனை இல்லாத தள்ளுபடி அது ஒன்றுதான்.