பருந்துக்கும் சாதி வைத்தவர்கள்

நியூயார்க்கில் ஒரே வாடகை வீட்டில் இருக்கும் எங்கள் மூன்று பேருக்கும் காசு செலவில்லாத பொழுதுபோக்கு ஒன்று தேவைப்பட்டது. பறவை பார்க்கத் தொடங்கினோம். மூவருக்கும் சேர்த்து ஒரு பழைய பைனாகுலர். மே மாதம் சென்ட்ரல் பார்க்கின் ரேம்பிள் பகுதிக்குப் போனால் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கலாம். தெற்கிலிருந்து வடக்கே வலசை போகும் வார்ப்ளர் குருவிகள் அந்த மரங்களில் இறங்கி இளைப்பாறும்.

2020 மே 25 அன்று இதே ரேம்பிளில்தான் கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பினத்தவர் பறவை பார்த்துக்கொண்டிருந்தார். நாயைக் கயிற்றில் கட்டிக் கூட்டிப் போகச் சொன்னதற்கு, ஒரு வெள்ளைக்காரப் பெண் போலீசைக் கூப்பிட்டு, ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கர் தன் உயிரை மிரட்டுவதாகச் சொன்னார். ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டதும் அதே நாள்தான். ஒரு வாரத்துக்குள் கறுப்பின இளம் ஆய்வாளர்கள் 'பிளாக் பேர்டர்ஸ் வீக்' நடத்தினார்கள்.

தோழர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர்த் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி நடக்கச் சொன்னவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே பைனாகுலரை மாட்டிக்கொண்டு அடுத்தவர் தோப்பைப் பார்த்து நின்றால் என்ன ஆகியிருக்கும்? இங்கே பூங்காவில் எங்கள் சாதி யாருக்கும் தெரியாது. (தமிழர் வீட்டு விருந்துக்குப் போனால் 'எந்த ஊர், எந்தப் பக்கம்' என்று தொடங்கிவிடுவார்கள். அது தனிக் கதை.)

2020இல் அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதி மெக்கவுனின் பெயரை ஒரு சிறு பறவையிலிருந்து எடுத்தார்கள். 2023 நவம்பரில் அமெரிக்கப் பறவையியல் கழகம், மனிதர் பெயர் தாங்கிய பறவைகளின் ஆங்கிலப் பெயர்களை மாற்றப்போவதாக அறிவித்தது. முதலில் 70 முதல் 80 பறவைகள். அதைப் படித்துவிட்டுத்தான் நம்மூர்ப் பறவைகளின் ஆங்கிலப் பெயர்களைப் புரட்டினோம்.

வெள்ளைத் தலை, செம்பழுப்பு உடல் கொண்ட செம்பருந்து, பலர் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது, 'பிராமணி கைட்'. உடல் முழுக்க மங்கிய பழுப்பாக, குப்பைமேட்டின் மேல் வட்டமிடும் கள்ளப்பருந்து 'பறையா கைட்'. வெள்ளையர் காலத்து நூல்களில் இந்தப் பெயர்தான். சலீம் அலியும் அதையே எழுதினார். ஆனால் துறைமுகத்தில் போய்ப் பாருங்கள், மீன் கழிவுக்கு இரண்டும்தான் பாய்கின்றன. ஒன்று புனிதமாம், இன்னொன்று தீட்டாம்.

இன்று கள்ளப்பருந்தின் பொதுப் பெயர் 'பிளாக் கைட்'. பறையா சத்தமில்லாமல் போய்விட்டது. பிராமணி மட்டும் அப்படியே இருக்கிறது, பருந்திலும் மைனாவிலும். பறவையில்கூடவா சாதி பார்ப்பீர்கள் என்று எங்களிடம் கேட்கிறார்கள். பெயர் வைத்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

எங்கள் நோட்டில் செம்பருந்து, கள்ளப்பருந்து என்றே எழுதுகிறோம். ஊரில் இருக்கும் தம்பி தங்கைகள் ஓர் உதவி செய்யுங்கள். உங்கள் சேரியில் இந்த இரண்டுக்கும் என்ன பெயர்? பாட்டிகளிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள்.