காயக் காய உப்பு கூடும்

சென்ற மாதம் சென்னையிலிருந்து என் மகள் போன் செய்தாள். பள்ளி விடுமுறை, கத்திரி வெயில், வீட்டுக்குள் இரண்டு பிள்ளைகள். குரலிலேயே அலுப்பு தெரிந்தது. ஒன்பது வயதுப் பேரன், எல்லோருக்கும் நான்தான் மோர் கலக்கித் தருவேன் என்று ஆசையாகப் பாத்திரத்தைத் தூக்கியிருக்கிறான். கை வழுக்கி அத்தனையும் தரையில் கொட்டிவிட்டது. “இனிமே அடுப்படிப் பக்கமே வரக் கூடாதுன்னு சொல்லிட்டேம்மா” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பேச்சை எனக்குத் தெரியும். 36 வருஷத்துக்கு முன்னால் அவளிடம் நான் பேசியதுதான் அது. அடுப்படி என்று அவள் சொன்ன இடத்தில் நான் பானை என்று சொல்லியிருந்தேன்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பிள்ளை வளர்க்கிற வயதில் இருக்கும் எல்லோரையும் என் மக்களாக நினைத்துச் சொல்கிறேன்.

மதுரையில் வைகைக்கு வடகரை, செல்லூரில் நாங்கள் குடியிருந்தோம். தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்கும். என் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. மீனாட்சி கல்யாணம், மறுநாள் தேர், சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குவது என்று எங்கள் கோடை திருவிழாவோடுதான் வரும். செம்பு நிறையச் சர்க்கரை வைத்து, சூடம் ஏற்றி, அழகருக்காகக் காத்து நிற்போம். தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் பிள்ளைகள் நீர்மோரும் பானகமும் குடித்தே வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள்.

திருவிழா ஒரு வருஷம் முன்னே வரும், ஒரு வருஷம் பின்னே வரும். கத்திரி மட்டும் மே 4 வாக்கில் பிறந்துவிடும். மாதக் கடைசி வரை நின்று காயும். ஊரே அந்த வெயிலைத் திட்டும்போது எங்கள் தெருப் பெண்கள் அதற்குக் காத்திருப்போம். கூழ் வத்தல் போட அதைவிட நல்ல வெயில் கிடையாது.

எங்கள் வீட்டில் வத்தலுக்குத் தலைமை என் மாமியார். நான் அத்தை என்றும் பிள்ளைகள் அப்பத்தா என்றும் கூப்பிடுவோம். முதல் நாளே பச்சரிசியை ஊறவைத்து, ஆட்டுரலில் ஆட்டி, புளிக்க வைத்துவிடுவார். விடியக்காலை 4 மணிக்கு அடுப்புப் பற்றும். கொதிக்கிற தண்ணீரில் ஜவ்வரிசி வெந்ததும் மாவைக் கரைத்து ஊற்றி, அரைத்த பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம், உப்பு சேர்த்து, அடிபிடிக்காமல் கிண்ட வேண்டும். அந்தத் துடுப்பு என் கையில் இருக்கும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றுவோம். சாயங்காலம் வேட்டியைக் குப்புறப் போட்டு, முதுகில் தண்ணீர் தெளித்தால் வத்தல் நோகாமல் உரிந்து வரும். அப்புறம் இரண்டு நாள் சுளகில் காய வேண்டும். கையில் அள்ளினால் கலகலவென்று சத்தம் வந்தால்தான் டின்னுக்குள் போகும்.

இதில் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. வேட்டியின் மூலைக்குக் கல் வைப்பது இளையவள். காக்கா விரட்டும் காவல் மூத்தவன். கறுப்புக் குடையை விரித்து நட்டு வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் கம்போடு உட்கார்ந்திருப்பான்.

1988 மே மாதம், அவனுக்குப் பத்து வயது. ஒருநாள் மத்தியானம் சிநேகிதப் பிள்ளைகள் கீழேயிருந்து கூப்பிட, காவலை விட்டுவிட்டுக் கோலி விளையாடப் போய்விட்டான். மூன்று மணிக்குப் புழுதிக் காற்று கிளம்பியது. நான் மாடிக்கு ஓடுவதற்குள் கோடை மழை கொட்டிவிட்டது. கால்மணி நேரம்தான் பெய்திருக்கும். பார்த்துப் பார்த்து ஊற்றிய வத்தல் முக்கால்வாசி கஞ்சியாகிக் கிடந்தது.

அவன் நனைந்தபடி ஓடி வந்தான். தெருவே பார்க்க முதுகில் ஒன்று வைத்தேன். “ஒரு காக்கா வெரட்டக்கூடத் துப்பில்லாத பயலா பெத்துருக்கேனே” என்று கத்தினேன். அவன் அழவில்லை. கம்பைச் சுவரில் சாத்திவிட்டுத் தலையைக் குனிந்து நின்றான்.

அத்தை மெதுவாகப் படியேறி வந்தார். சன்ஷேடு ஓரமாக நனையாமல் தப்பிய வத்தலைத் தட்டில் உரித்துப் போட்டார். பாதி காய்ந்த வத்தல் பிள்ளைகளுக்கு உயிர். மெல்ல மெல்ல இழுக்கும், புளிப்பும் காரமுமாக இருக்கும். தட்டை அவன் முன்னால் நீட்டினார். “நனஞ்சது அரிசிதானடா. நாளைக்கு மறுபடி ஊத்துவோம். நாளைக்குக் காவல் யாரு?”

அவன் வாயைத் திறக்கவில்லை.

“நீதான். வேற யாரு இருக்கா?” என்று சொல்லிவிட்டு அரிசி ஊறவைக்க இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. ராத்திரி ஆட்டுரல் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடியும் அவனையே நம்பினால் எப்படி என்று கேட்டேன். மாவை வழித்துக்கொண்டே சொன்னார்: “வேலையப் புடுங்கிட்டா, இன்னைக்கு அவன் கெடுத்ததுதான் கடைசியாச் செஞ்ச வேலைன்னு நிக்கும். நாளைக்கு ஒழுங்காச் செஞ்சா, அதுல்ல கடைசி வேலை?”

பள்ளிக்கூடம் போகாத என் அத்தை சொன்ன இந்த வார்த்தைக்கு மேல் பிள்ளை வளர்ப்பில் எனக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் விடியக்காலை கூழ் கொதித்தது. ருசி பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் உப்புப் போடப் போனேன். அத்தை என் கையைப் பிடித்தார். “கூழுல சரியா இருந்தா வத்தல்ல கரிக்கும். தண்ணி போயிரும், உப்பு எங்கயும் போகாது.” அவர் வத்தலைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு முந்தின நாள் நான் கத்தியது காதில் கேட்டது. கோபம் தண்ணீர் மாதிரி, அன்றைக்கே ஆவியாகிவிடும். சொன்ன சொல் பிள்ளைக்குள் கிடந்து காயும். காயக் காய அதில் உப்பு கூடும். கண்டிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உப்பில்லாத கூழும் ஆகாது. நமக்கு அந்த நேரத்தில் போதாது என்று படுகிற அளவிலேயே நிறுத்திக்கொண்டால், அது பிள்ளைக்குப் போதும்.

அன்றைக்கு அவன் சோற்றுத் தட்டை மாடிக்கே கொண்டுபோனான். மத்தியானம் எட்டிப் பார்த்தேன். காக்காயைவிட வானத்தைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் சொல்லாமலே, பரணில் கிடந்த தார்ப்பாயை இறக்கிச் சுருட்டிக் காலடியில் வைத்திருந்தான்.

இவ்வளவும் கண்ணால் கண்டும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் அத்தை காலமானார். 1990 கோடையில் மானாமதுரைப் பானை ஒன்று வாங்கினோம். புதுப் பானையில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிரப்பிக் கொட்டி, மண்வாடை போனபிறகு, மணல் பரப்பி அதன்மேல் வைக்க வேண்டும். பானை உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அவற்றின் வழியே கசிகிற நீர் வெளியே ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மெருகு பூசினால் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. சாயங்காலம் நிரப்பி, நன்னாரி வேர் கொஞ்சம் போட்டு மூடினால், மறுநாள் மத்தியானம் வரை குளுமையாக இருக்கும்.

சாயங்காலம் பானையை நிரப்புவது எட்டு வயது மகளின் வேலை. ஒருநாள் குடத்தைத் தூக்கிச் சாய்க்கும்போது குடம் இடித்துப் பானை இரண்டாகப் பிளந்துவிட்டது. “இனிமே பானைப் பக்கமே வராதே” என்றேன். புதுப் பானை வந்தது. நிரப்பும் வேலையை மூத்தவனுக்குக் கொடுத்தேன். “நான் ஊத்தவாம்மா?” என்று ஒரு வாரம் கேட்டாள். அப்புறம் கேட்பதில்லை. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். பொறுப்பு அன்றைக்குத்தான் அவளை விட்டுப் போனது என்பது எனக்குப் பல வருஷம் கழித்தே உறைத்தது. கல்யாணமாகிப் பிறந்த வீட்டுக்கு வரும்போதுகூட, தண்ணீர் வேண்டுமென்றால் “அம்மா, ஒரு செம்பு மோந்து தாயேன்” என்பாள். தானாகப் பானையைத் தொட்டதில்லை.

இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். விடுமுறை வந்தால் பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று யோசிக்கிறீர்கள். சேருங்கள், தப்பில்லை. அதோடு வீட்டில் அவனுக்கென்று ஒரு வேலையும் இருக்கட்டும். அவன் செய்யாவிட்டால் வீட்டில் ஒரு குறை தெரிகிற வேலையாக அது இருக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் எடுத்து வைப்பது, காய்ந்த துணி மடிப்பது, மொட்டை மாடியில் குருவிக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது, எதுவாகவும் இருக்கலாம். செய்து காட்டிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பாதியில் கையிலிருந்து பிடுங்காதீர்கள். கொட்டினால் துடைக்கும் துணியையும் அவன் கையிலேயே கொடுங்கள். கொடுக்கும்போது பழைய தப்பை எடுத்துப் பேசாதீர்கள். பெரிய குடம் கனத்தால் சின்னச் செம்பைக் கொடுங்கள். வேலையை மட்டும் மாற்றாதீர்கள். மறுநாள் அதே நேரத்துக்கு அதே வேலைக்குக் கூப்பிடுங்கள்.

என் மூத்தவன் இன்று கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். போன வருஷம் போயிருந்தேன். வேலை பழக வந்த ஒரு பையன் அளவு தப்பிக் கடைந்து, ஒரு ஷாஃப்டைப் பாழாக்கிவிட்டான். மூலையில் வெளிறி நின்றான். என் மகன் கெட்டுப்போன கம்பியை எடுத்துத் தப்பு எங்கே என்று காட்டினான், அவ்வளவுதான். மறுநாள் காலையில் புதுக் கம்பியை அதே பையனிடம் கொடுத்ததைப் பார்த்தேன். ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். “அப்பத்தா அப்படித்தானம்மா செஞ்சுச்சு” என்றான். அந்த மழையைப் பற்றி நானும் அவனும் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் பேசியதில்லை.

மகள் போனை வைத்தபிறகு, பேரன் பேத்தியோடு ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போ என்று நானே திரும்பக் கூப்பிட்டேன். அவர்கள் வருவதற்குள் மானாமதுரைப் பானை ஒன்று வாங்கி, மூன்று நாள் தண்ணீர் நிரப்பிக் கொட்டி, மணலில் தயாராக வைத்தேன்.

வந்த அன்று சாயங்காலம், பேரன் ஓடி வந்து “அம்மாச்சி, நான் ஊத்தட்டா?” என்றான். “கொஞ்சம் இருய்யா, இது ஒங்கம்மா வேலை” என்றேன்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். நான் குடத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். “பானைய நெரப்பும்மா. பெரிய கொடமா இருந்தா என்ன, மெதுவாச் சாச்சா போதும்.”

நாற்பத்துநாலு வயது மகள், எட்டு வயதுப் பிள்ளை போல இரண்டு கையாலும் குடத்தை அணைத்துத் தூக்கினாள். கை நடுங்கியது. பேரன் அடியில் கை கொடுத்தான். தண்ணீர் கொஞ்சம் மணலில் சிந்தியது. நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் நான் கூப்பிடவில்லை. அவளே குடத்தை எடுத்துக்கொண்டு மகனையும் கூட்டிப்போனாள்.