நம்மவர் யார்?

தேர்தல் என்று ஒன்று வந்துவிட்டால் நம் ஊர்களில் ஒரு கேள்வி தானாகவே முளைத்துவிடுகிறது. "நம்மவர் யார் நிற்கிறார்?" என்பதே அது. டீக்கடையிலும் கேட்கிறார்கள்; கல்யாணப் பந்தலிலும் கேட்கிறார்கள்; ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போதும் கேட்கிறார்கள். அந்த வாசலில் செருப்பைத் தேடுகிறவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்தக் கேள்வியைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

என் பெரியப்பா ஒருவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டுச் சாவடிக்கு முதல் ஆளாகப் போய் நிற்பவர். ஒரு தேர்தலின்போது அவரிடம், "யாருக்குப் போடப் போகிறீர்கள், பெரியப்பா?" என்று கேட்டேன்.

"நம்ம ஆளுக்குத்தான். இதில் கேட்க என்ன இருக்கு?"

"ஆள் எப்படி என்று பார்க்க வேண்டாமா?"

"ஏலே, நீ கதை எழுதுகிறவன். உனக்கு எல்லாம் வேடிக்கை. நாளைக்கு நம்ம பள்ளிக்கூடத்துக்கோ கல்லறைத் தோட்டத்துக்கோ ஒரு தொல்லை வந்தால், உள்ளே எழுந்து நின்று பேச ஒருத்தன் வேண்டாமா?"

அந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. தொகையில் சிறியவர்களாக வாழ்கிறவர்களுக்கு அது வீண் பயமும் அல்ல. ஆனால், அந்தப் பயத்துக்கு நம் முன்னோர்கள் ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள். அதை நாம் மறந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டசபைக்கு இந்தியக் கிறிஸ்தவப் பிரதிநிதிகளைக் கிறிஸ்தவர்களே தனியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அபேட்சகர் அடுத்த வீட்டு இந்துவிடமோ எதிர்வீட்டு முஸ்லிமிடமோ ஓட்டுக் கேட்டுப் போக வேண்டியதில்லை. அவர்களுடைய கஷ்டம் இன்னதென்று விசாரிக்க வேண்டியதும் இல்லை. 1930இல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்குப் போன சேலத்துக்காரரான கே. டி. பால், கிறிஸ்தவர்களுக்கு இந்தத் தனித் தொகுதி வேண்டாம் என்றார். ஒய்.எம்.சி.ஏ.யின் முதல் இந்தியப் பொதுச் செயலாளர் அவர். கிராமங்களில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் அமைக்கப் பாடுபட்டவர். எல்லாக் கிறிஸ்தவர்களும் அவர் பக்கம் நிற்கவில்லை. 1931இல் ஏ. டி. பன்னீர்செல்வம் தனித் தொகுதி கேட்ட சிறுபான்மையோர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அவரும் தம் ஜனங்களின் நன்மையைத்தான் நினைத்தார். பிரிட்டிஷ் சர்க்கார் 1932இல் தனித் தொகுதியையே வழங்கியது.

பிறகு அரசியல் நிர்ணய சபை கூடியது. அதன் உபதலைவர் ஹரேந்திர குமார் முகர்ஜி வங்காளத்துக் கிறிஸ்தவர். சிறுபான்மையோர் உபகமிட்டியின் தலைவரும் அவரே. 1947இல் தனித் தொகுதி போயிற்று. ஒதுக்கப்பட்ட இடங்கள் மட்டும் மிஞ்சின. 1949 மே மாதம், மதச் சிறுபான்மையோருக்கு அந்த ஒதுக்கீடும் வேண்டாம் என்று ஆலோசனைக் கமிட்டியில் தீர்மானம் கொண்டு வந்தவர் இந்த முகர்ஜிதான். அதே மாதம் நிர்ணய சபையும் அதை ஏற்றுக்கொண்டது. அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டது வேறு. மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தரும் 25ஆம் ஷரத்து ஒன்று. சிறுபான்மையோர் பள்ளிக்கூடம் நடத்தும் உரிமையைக் காக்கும் 30ஆம் ஷரத்து மற்றொன்று. பெரியப்பாவின் பள்ளிக்கூடத்துக்கு இன்றும் காவல் நிற்பது உள்ளே எழுந்து பேசும் அந்த ஒருத்தன் அல்ல, இந்தச் சட்டம்.

இதெல்லாம் ராஜதந்திரம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு என்னவோ சுவிசேஷத்தில் வரும் சமாரியன் கதைதான் ஞாபகம் வருகிறது. நேசிக்க வேண்டிய அயலான் யார் என்று ஒரு சாஸ்திரி கேட்கிறார். எல்லையைக் காட்டு, அதற்குள் இருப்பவர்களை நேசித்துக் கொள்கிறேன் என்பது அவர் உத்தேசம். பழைய தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் 'அயலான்' என்ற சொல்லைக்கூடப் போடவில்லை, 'பிறன்' என்கிறது. எத்தனை சரியான சொல்! நேசிக்கப்பட வேண்டியவன் பிறன். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவிட்ட சமாரியனும் வேறு ஜனத்தான்தான். நம்மவர் யார் என்று கேட்டுக்கொண்டு ஓட்டுச் சாவடிக்குப் போகிறவன் அந்த சாஸ்திரியின் கேள்வியைத்தான் சுமந்துகொண்டு போகிறான்.

ஆனால் கதையை இத்துடன் முடித்தால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவு, ஷெட்யூல்டு வகுப்பினருக்குரிய சலுகைகளை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ஒடுக்கப்பட்ட ஜாதியில் பிறந்து கிறிஸ்தவரான ஏழைக்கு அந்த ஒதுக்கீடும் இல்லை; சில ஊர்களில் சபையிலே சம இடமும் இல்லை, செத்தபின் கல்லறைத் தோட்டத்திலும் தனி மூலை. நம்முடையதை நாம் விட்டுக்கொடுப்பது தியாகம். அவனுடைய உரிமை பறிபோகும்போது நாம் பேசாமல் இருப்பதற்குத் தியாகம் என்று பெயரிட முடியாது. வழியில் அடிபட்டுக் கிடப்பவன் நம் சபையைச் சேர்ந்தவனாகவே இருந்தால், அதற்காக அவனைத் தாண்டிப் போகலாமா?

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நான் கேட்க விரும்புவது அவருடைய மதத்தையோ ஜாதியையோ அல்ல. இந்தத் தொகுதியில் அடிபட்டுக் கிடப்பவர்கள் யார் யார், அவர்களுக்கு நீர் என்ன செய்தீர் என்பதுதான். பிரசங்க பீடத்திலிருந்தும் இந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுக்கலாம். அபேட்சகரின் பெயரைச் சொல்ல வேண்டாம். மதத்தின் பெயரால் அபேட்சகர் ஓட்டுக் கேட்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. வாக்காளருடைய மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017இல் சுப்ரீம் கோர்ட்டு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. சட்டம் அபேட்சகரின் வாயைக் கட்டலாம். நம் மனசுக்குள் ஒலிக்கும் 'நம்ம ஆளு' என்ற குரலை நாம்தான் அடக்க வேண்டும்.

விரலில் வைத்த மை சில வாரங்களில் அழிந்துவிடும். மீதி ஐந்து வருஷம் இருக்கிறது. தெருக் குழாயில் தண்ணீர் வராதபோது மனு எழுதுவதும், ரேஷன் கடையில் கிழவியின் அட்டையைத் திருப்பி எறிகிறவனிடம் ஏன் என்று கேட்பதும், கிராம சபைக் கூட்டத்துக்குப் போய்க் கடைசி வரை உட்கார்ந்திருப்பதும் ஓட்டுப் போடுவதைச் சேர்ந்தவைதாம். கே. டி. பால் வட்டமேஜைக்குப் போகுமுன் கிராமத்துக் கடன்காரனின் கஷ்டத்தைத் தெரிந்து வைத்திருந்தார். அதனால்தான், தம் ஜனங்களுக்குத் தனி இடம் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருந்தது என்று நான் நம்புகிறேன்.