வாய்மூடி நின்றவன்

பெண்ணுரிமை பற்றிப் பேசச் சொன்னால் ஒரு மணி நேரம் பேசுவேன், தோழர்களே! மேடை இருந்தால் போதும். மாலை விழும்; கைத்தட்டல் எழும். மேடை இல்லாத இடத்தில், கைத்தட்ட ஆளில்லாத இடத்தில் நான் என்ன செய்தேன்? அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஆசிரியர்களாகிய நாங்கள் கைப்பேசியில் ஓர் இணையக் குழு வைத்திருக்கிறோம். உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். கருத்துரைப்போர்? ஆண்கள்! பாடத்திட்டம் முதல் பாராளுமன்றம் வரை அலசுவோர் ஆண்கள்! பெண்கள் பிறந்தநாள் வாழ்த்துக்கு நன்றி சொல்வார்கள், அவ்வளவே. ‘அவர்களுக்கு அக்கறை இல்லை’ என்று நாங்களே தீர்ப்பும் எழுதி வைத்திருந்தோம்.

ஒரு நாள் அறிவியல் ஆசிரியை ஒருவர் எழுதினார்: “பள்ளி விழாவுக்கு வருவோரை வரவேற்கச் சந்தனத் தட்டேந்தி நிற்க மாணவியரை மட்டும் நிறுத்துகிறோமே, ஏன்?”

வந்த விடை என்ன தெரியுமா? “வீட்டிலே சமையல் முடிந்துவிட்டதா, டீச்சர்?” அதன் கீழே சிரிப்பு முகங்கள், வரிசை வரிசையாக! பார்த்தேன், படித்தேன், நெஞ்சு கொதித்தது. கை மட்டும் அசையவில்லை. இரவு அவருக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினேன்: “மிக நன்றாக எழுதினீர்கள்.”

மறுமொழி வந்தது: “நன்றி சார். ஏளனம் எல்லார் முன்னும் நடந்தது. பாராட்டு மட்டும் ஏன் இருட்டில் வருகிறது?”

அதன் பிறகு அவர் குழுவில் எழுதவில்லை. ஏளனம் செய்தவன் ஒருவன். அவனை வெல்ல வைத்தவர்கள், வாய்மூடி நின்ற என் போன்றோர்.

“யார் தடுத்தார்கள்? கதவு திறந்துதானே கிடக்கிறது!” என்பர் சிலர். திறந்த கதவு ஒன்றின் கதையைக் கேளுங்கள். 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம்; பட்டம் வேண்டாம், பரிந்துரை வேண்டாம். ஆயினும் 2011இல் அதை நடத்தும் அறக்கட்டளை எடுத்த கணக்கில், எழுதுவோருள் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! 2018 அக்டோபரில் டோனா ஸ்டிரிக்லாண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றபோது, ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை இல்லை. ஒருவர் எழுதித் தந்த வரைவு, அவ்வாண்டு மே மாதம் போதிய சான்றில்லை என்று தள்ளப்பட்டிருந்தது. அவரோடு பரிசைப் பகிர்ந்த அவருடைய ஆசிரியர் மூருவுக்கோ முன்பே கட்டுரை இருந்தது!

மாற்ற முனைந்தோரும் உண்டு. கட்டுரை இல்லாத பெயர் அங்கே சிவப்பில் தெரியும்; எழுதப்பட்டால் நீலமாகும். சிவப்பாய்க் கிடந்த பெண்களின் பெயர்களை நீலமாக்க 2015இல் ரோசி ஸ்டீபன்சன்-குட்நைட் என்ற பெண்மணியும் ரோஜர் பாம்கின் என்ற ஆடவரும் சேர்ந்து பணி தொடங்கினர். ஆங்கிலத்தில் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ 15 விழுக்காடாக இருந்த பெண்களின் பங்கு, இன்று 20 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. ஆண் செய்யத்தக்கது இது: அவளுக்காகப் பேசுவதன்று, அவளோடு உழைப்பது. இழிமொழி எங்கே வீசப்பட்டதோ, அங்கேயே, எல்லார் முன்னும் அதை மறுப்பது.

இன்னொன்றும் உண்டு: நேரம். 2019இல் நடுவணரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, வீட்டு வேலை செய்வோருள் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். நாம் குழுவில் உலகை அளக்கும் மாலை வேளையில் அவள் பாத்திரம் துலக்குகிறாள். தான் உண்ட தட்டைக் கழுவாத கை, சமத்துவம் எழுதி என்ன பயன்?

‘நான் பெண்களுக்குத் துணைவன்’ என்று நமக்கு நாமே பட்டம் சூட்டிக்கொள்ள முடியாது. 1938 நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடன்றோ ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்னும் பெயரைத் தந்தது! தீர்ப்பு அவர்களுடையது.

சென்ற வாரம் குழுவில் எழுதினேன்: “அன்று கேட்கப்பட்ட கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. கேட்டவரை ஏளனம் செய்தபோது நான் வாய்மூடி நின்றது தவறு.” எனக்கும் சில சிரிப்பு முகங்கள் கிடைத்தன. மூன்றாம் நாள், அதுவரை ஒரு சொல்லும் எழுதாத ஆசிரியை ஒருவர் எழுதினார்: “எங்கள் பள்ளியிலும் மாணவியர்தான் தட்டேந்துகிறார்கள். ஏன்?”

முதலில் கேட்டவர் இன்னும் திரும்பவில்லை. அவர் மீண்டும் எழுதும் வரை, என் கடன் தீரவில்லை.