அப்பா கம்ப்யூட்டருக்கு ஒரு வரி

"இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்."

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இந்த இரண்டு வார்த்தைகள் வந்து நின்றன. அப்பா கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"என்னம்மா இது? சட்டவிரோதமா நாம என்ன பண்ணிட்டோம்?"

மன்னார்குடியில் முப்பது வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர் அவர். அதை மூடிய பிறகு, தாலுகா ஆபீஸுக்கு வருகிறவர்களுக்கு வீட்டுத் திண்ணையிலேயே மனு டைப் செய்து கொடுக்கிறார். அவர் கேட்டதற்கு வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று முடியவில்லை. திண்ணையில் ஒரு பாட்டி மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுபோன விஷயமாக மனு கொடுக்க வேண்டும். மூன்று நாளாக வந்து வந்து திரும்புகிறார். அப்பாவின் கம்ப்யூட்டர் ஓடவில்லை. ஓடாமல் செய்தவள் நான்தான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

இரண்டு வருஷம் முன்பு அம்மா போன பிறகு, அப்பாவைச் சென்னைக்குக் கூட்டி வந்துவிட்டேன். பூங்காவைப் பார்த்த அறை, ஏ.சி., வழுக்காத டைல்ஸ், லிஃப்ட்... எல்லாம் நானே யோசித்து யோசித்துச் செய்தது. நாற்பது நாள் இருந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. சாப்பாடு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. நாற்காலிக் கைப்பிடியில் அவர் விரல்கள் சும்மா தட்டிக்கொண்டே இருக்கும். உற்றுப் பார்த்தால் தமிழ் டைப் அடிக்கிற வரிசை. ஒருநாள், "ஊருக்குப் போயிட்டு வந்துடறேம்மா" என்று கிளம்பினார். திரும்பி வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் கோபம்தான்.

சென்ற வருஷம் அந்தப் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. 2009-ல் வாங்கியது, உள்ளே கோர் 2 டூவோ பிராசஸர், 4 ஜிபி மெமரி. அதில் இருந்த இயங்குதளத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று வருஷக்கணக்காகிறது. "புதுசு வாங்கித் தர்றேம்ப்பா" என்றேன். "இந்த கீபோர்டுதான் கை பழகினது. புதுசு எதுக்கு?" என்றார். சரி, ஒரு எஸ்.எஸ்.டி. டிஸ்க் வாங்கி, அதில் நானே ஒரு இயங்குதளத்தை அமைத்துத் தருகிறேன் என்று இறங்கினேன்.

நான் தேர்ந்தெடுத்தது ஜென்டூ லினக்ஸ். யுனிக்ஸ் வழிமுறையில் வந்த லினக்ஸ் குடும்பத்தில் இதுவும் ஒன்று. வேகமாக நீந்துகிற பெங்குவின் இனத்தின் பெயர் அது. டேனியல் ராபின்ஸ் தொடங்கிய இதன் முதல் பதிப்பு 2002-ல் வந்தது. மற்ற இயங்குதளங்கள் கடையில் விற்கிற இட்லி மாவு பாக்கெட் மாதிரி: வாங்கி ஊற்ற வேண்டியதுதான். ஜென்டூ அப்படி வராது. அரிசி, உளுந்தைக் கொடுத்து, 'உன் வீட்டு கிரைண்டரில் நீயே அரைத்துக்கொள்' என்று சொல்லும். மனிதர்கள் எழுதிய மூல நிரலை, மெஷின் புரிந்துகொள்கிற கட்டளைகளாக அரைப்பதைத்தான் 'கம்பைல் செய்வது' என்கிறார்கள். 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவிலும் அரைத்த மாவு கிடைக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு வீம்பு. அப்பாவுக்கு என் கையால் அரைத்துத்தான் தர வேண்டும்.

"அம்மா, டவுன்லோடு பண்ணா பத்து நிமிஷ வேலை" என்றான் பத்தாவது படிக்கிற என் மகன். காதில் வாங்கவில்லை.

இப்படி அரைக்கிறபோது ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாக எப்படி அரைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எழுநூற்றுச் சொச்சம் பொட்டலங்கள். அதனால் மொத்தத்துக்கும் பொதுவாக ஒரு கோப்பு இருக்கிறது. 'மேக்.கான்ஃப்' என்று பெயர். அதில் ஒரு வரி எழுதினால், அதன்பின் அரைபடுகிற எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு வந்த நாளிலிருந்து அம்மா சமையல் முழுவதும் அரை உப்பு. சாம்பார், ரசம், பொரியல் என்று எதுவும் தப்பாது. வேண்டியவர்கள் போட்டுக்கொள்ள மேஜையில் உப்பு ஜாடி இருக்கும். ஒவ்வொரு குழம்புக்கும் அம்மா தனியாக யோசித்ததில்லை. வீட்டுக்கே ஒரே வரி.

என் மேக்.கான்ஃபில் முதலில் மொழிக்கான வரியை எழுதினேன். 'எல்10என்' என்ற இடத்தில் தமிழுக்கு 'டி.ஏ.', ஆங்கிலத்துக்கு 'இ.என்.' இவ்வளவுதான். இந்த வசதி உள்ள மென்பொருள்கள் எல்லாம் தமிழ் மெனுவோடு வந்துவிடும். அலுவலகத் தொகுப்பான லிப்ரே ஆபீஸும்கூட. அடுத்து 'யூஸ்' வரி. என்னென்ன வசதி வேண்டும், எது வேண்டாம் என்று சொல்கிற இடம். அப்பா கம்ப்யூட்டரில் புளூடூத் கிடையாது. முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு அதை எடுத்துவிட்டேன். எந்தப் பொட்டலத்திலும் அந்தச் சுமை ஏறாது.

பிறகு, ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்கிற வரி. என் லேப்டாப்பில் 16 இழைகள். பெருமையாக 16 என்று போட்டேன். பிரவுசர் அரைபடும்போது லேப்டாப் மொத்தமாக உறைந்து நின்றது. அதன் பிறகுதான் கையேட்டைப் பார்த்தேன். ஒரு வேலைக்குச் சுமார் 2 ஜிபி மெமரி வேண்டுமாம். என்னிடம் இருப்பது 16 ஜிபி. அப்படியானால் 8 வேலைதான் தாங்கும். நாலு அடுப்பு இருந்தாலும் பாத்திரம் இரண்டுதான் என்றால் இரண்டு குழம்புதானே வைக்க முடியும்? குறைத்த பிறகு ஒழுங்காக ஓடியது.

'ஓ2' என்று ஒரு குறி. நிரலை எவ்வளவு தூரம் வேகத்துக்காகச் செதுக்க வேண்டும் என்று சொல்வது. 'ஓ3' போட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். மொத்த அமைப்புக்கும் அதைப் போட வேண்டாம் என்கிறது கையேடு. அளவு பெருக்கும், சில சமயம் வேகமே குறையும். அதில் நான் சொன்ன பேச்சு கேட்டேன்.

தப்பு நடந்தது அதற்கு முந்தின குறியில். 'மார்ச்' என்று இருக்கும். மாதம் இல்லை, மெஷினின் கட்டமைப்பு என்பதன் சுருக்கம். அதில் 'நேட்டிவ்' என்று எழுதினேன். இணையத்தில் பார்த்த எல்லோரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். 'இந்த மெஷினில் என்னென்ன திறமை இருக்கிறதோ, அவ்வளவையும் பயன்படுத்து' என்று அர்த்தம்.

எந்த மெஷின்? அரைக்கிற மெஷின்.

இரண்டு ராத்திரி, ஒரு பகல். அப்பாவின் டிஸ்க்கை யுஎஸ்பி வயரில் என் லேப்டாப்போடு இணைத்து, உள்ளே எல்லாவற்றையும் அரைத்தேன். ஜென்டூவின் அடிப்படைத் தொகுப்பு ரெடிமேடாகத்தான் வரும். எந்தப் பழைய மெஷினிலும் ஓடக்கூடியது. வீம்புக்கு அதையும் விடாமல் திரும்ப அரைத்தேன். என் லேப்டாப்பில் நன்றாக ஓடியது. பெருமையோடு பஸ் ஏறி மன்னார்குடிக்குக் கொண்டுபோய், அப்பா கம்ப்யூட்டரில் மாட்டினேன். பட்டனை அழுத்தினால், நாலு வரி ஓடியது. அப்புறம் மொத்தமும் நின்றுவிட்டது. கடைசி வரியில் வரிசையாகப் பூஜ்ஜியங்கள், முடிவில் ஒரு 4.

பென் டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை ஓடவிட்டு, அதன் வழியாக டிஸ்க்குக்குள் நுழையப் பார்த்தேன். அப்போது வந்ததுதான் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்'. முன்பு பார்த்த அந்த 4, இதே பிழைக்கு யுனிக்ஸ் உலகம் கொடுத்திருக்கிற எண்.

"சட்டவிரோதம் எல்லாம் இல்லப்பா. அந்தக் கட்டளை இந்த மெஷினுக்குப் புரியல. அவ்வளவுதான்."

"ஏன் புரியல?"

"என் லேப்டாப்புல இருக்கிற சில கட்டளைங்க 2011-க்கு அப்புறம்தான் பிராசஸர்லயே வந்துச்சு. உங்க மெஷின் அதுக்கு முன்னாடி பொறந்தது. நான் என் மெஷினுக்குத் தெரிஞ்சதை வச்சு எல்லாத்தையும் அரைச்சுட்டேன்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் அலமாரிக்கு மேலிருந்த பழைய டைப்ரைட்டரின் உறையை எடுத்தார். இன்ஸ்டிடியூட்டில் இருந்த பன்னிரண்டு மிஷினில் விற்காமல் வைத்திருக்கிற ஒன்று. பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நெம்புகோலைத் தொட்டுக் காட்டினார்.

"இது என்னன்னு ஞாபகம் இருக்கா? டச் கன்ட்ரோல். கட்டையை எவ்வளவு அழுத்தினா இறங்கணும்னு வைக்கிறது. பழகின கைக்கு கொஞ்சம் கெட்டியா இருந்தாதான் பிடிக்கும். ஆனா காலைல ஆறு மணி பேட்ச்ல எட்டாவது படிக்கிற பிள்ளைங்க வரும். கெட்டியா இருந்தா அதுங்களுக்குச் சுண்டு விரல் இறங்காது. அதனால பன்னெண்டு மிஷினையும் லேசாத்தான் வச்சிருப்பேன். லேசா இருந்தா பெரியவனும் அடிச்சுடுவான், சின்னதும் அடிச்சுடும். கெட்டியா வச்சா பெரியவன் மட்டும்தான் அடிப்பான்."

அவர் எனக்காகச் சொல்லவில்லை. டைப்ரைட்டரைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு மட்டும் பூங்காவைப் பார்த்த அந்த அறை ஞாபகம் வந்தது. ஏ.சி. எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும், எத்தனை மணிக்கு நடைப்பயிற்சி, எந்த டாக்டர்... எல்லாமே நான் எழுதிய வரிகள். அவருடைய விரலுக்கு இறங்குகிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பாட்டியிடம் போனேன். "பாட்டி, இன்னும் இரண்டு நாள் பொறுத்துக்கங்க" என்றேன்.

"வாத்தியாரய்யா பொண்ணா நீ? இரண்டு மாசமா பணம் வரல ஆத்தா. இரண்டு நாளுதானே, வர்றேன்" என்று எழுந்தார். அதற்குள் அப்பா டைப்ரைட்டரைத் திண்ணைக்கே தூக்கிவந்துவிட்டார். ரிப்பன் காய்ந்திருந்தது. எழுத்து சாம்பல் நிறத்தில், பாதி தெரிந்தும் தெரியாமலும் விழுந்தது. மேலே பேனாவால் அழுத்தி எழுதி, மனுவைக் கையில் கொடுத்து அனுப்பினார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அன்று மாலையே மேக்.கான்ஃபைத் திறந்தேன். 'நேட்டிவ்' என்பதை அழித்து, 'கோர்2' என்று எழுதினேன். அப்பா மெஷினின் பிராசஸர் குடும்பத்துப் பெயர் அது. பிராசஸரின் தனித்திறமைகளைப் பட்டியல் போடுகிற இன்னொரு வரியும் அதே கோப்பில் உண்டு. அதில் என் லேப்டாப்பின் பட்டியல்தான் இருந்தது. அதையும் அப்பா மெஷினைக் கேட்டு மாற்றினேன். மாற்றியது இரண்டே வரி. ஆனால் வரியை மாற்றினால் ஏற்கெனவே அரைத்தது தானாக மாறிவிடாது. எழுநூற்றுச் சொச்சத்தையும் முதலிலிருந்து அரைக்க வேண்டும். கோர் 2-வுக்காக அரைத்தது என் புது லேப்டாப்பிலும் ஓடும் என்பதால், அரைக்கிற வேலையை லேப்டாப்பே செய்தது.

நடுவில் மின்சாரம் போய், லேப்டாப் பேட்டரியும் தீர்ந்து ஒரு தடவை நின்றது. நல்லவேளை, 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறது. அரைகுறையாக நின்ற பொட்டலத்தை மட்டும் முதலிலிருந்து எடுக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா எழுந்து வந்து, திரையில் ஓடுகிற எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பில்லாம அடிக்குதா?" என்று மட்டும் கேட்டார். இன்ஸ்டிடியூட்டில் எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று கேட்கிற அதே குரல்.

மூன்றாவது நாள் காலையில் கம்ப்யூட்டர் எழுந்தது. நிதானமாகத்தான் எழுந்தது. லிப்ரே ஆபீஸ் தமிழ் மெனுவோடு திறந்தது. டைப்ரைட்டர் வரிசையில் தமிழ் அடிக்கிற அமைப்பையும் வைத்துக்கொடுத்தேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வேலையாக அந்தப் பாட்டியின் மனுவையே மறுபடி அடித்து, நல்ல பிரின்ட் எடுத்து வைத்தார்.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அரைத்த பொட்டலங்களைச் சேமித்து வை என்றும் மேக்.கான்ஃபில் ஒரு வார்த்தையில் சொல்லலாம். அப்பா மெஷினுக்கென்று அவருடைய மேக்.கான்ஃபோடு ஒரு தனி அமைப்பு என் லேப்டாப்பில் இருக்கிறது. அப்டேட் வந்தால் அதில் அரைத்து, பென் டிரைவில் போட்டு, மாதம் ஒரு தடவை ஊருக்குக் கொண்டுபோகிறேன். அவர் மெஷின் அரைக்க வேண்டியதில்லை, எடுத்து வைத்துக்கொண்டால் போதும். பழைய பிராசஸர் சூடாவதில்லை.

அந்தக் கோப்பில் '#' போட்டு எழுதுகிற வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. மனிதர்களுக்கான குறிப்பு அது. மார்ச் வரிக்கு மேலே, 'அப்பா மெஷின். அவரைக் கேட்காமல் மாற்றாதே' என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.

சென்னைக்கு வாங்க என்று இப்போது நான் கேட்பதில்லை. போன மாதம் அவராகவே, "தீபாவளிக்கு ஒரு நாலு நாள் வரட்டுமா?" என்றார். "வாங்கப்பா. என்ன வேணும்னு சொல்லுங்க" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம். ஜன்னலோரமா ஒரு மேஜை போடு. டைப்ரைட்டரை எடுத்துட்டு வர்றேன்."

மேஜை வாங்கிவிட்டேன். உயரம் எவ்வளவு என்று அவரிடம் கேட்டுத்தான்.