மறதி நோய் வீட்டில் இன்னொரு நோயாளியும் இருக்கிறார்



டிமென்ஷியா எனும் மறதி நோய் பற்றிப் பேசும்போது நோயாளியைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். இன்னைக்கு அவரோட துணையைப் பற்றிப் பேசுவோம்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 சதவிகிதம் பேருக்கு இந்நோய் இருக்கிறது. ஏறக்குறைய 88 லட்சம் பேர். இவர்களைப் பெரும்பாலும் வீட்டு ஆட்களே பார்த்துக்கொள்கிறார்கள். பல வீடுகளில் அது, தானும் 60, 70 வயதைத் தாண்டிய மனைவி அல்லது கணவர்.

"தூக்கமே இல்ல சார், பிரஷர் குறைய மாட்டேங்குது" என்று ஓ.பி.க்கு வரும் சில அம்மாக்களிடம் வீட்டு நிலவரம் கேட்டால் விஷயம் வெளியே வரும். "அவரு ராத்திரி கதவைத் திறந்துட்டுப் போயிடுறாரு சார்."

தூக்கம் கெடுவதை விட வலிப்பது வேறொன்று.

40 வருஷம் கூட வாழ்ந்தவர் திடீர்னு "எவனை வீட்டுக்குள்ள விட்ட?" என்று கேட்பார். இதைப் பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே விழுங்கிவிடுகிறார்கள்.

அந்த சந்தேகம் அவர் மனசில் இத்தனை நாள் ஒளிந்திருந்த எண்ணம் அல்ல. மூளை பாதிக்கப்பட்டதால் வரும் அறிகுறி. மனைவியைக் கவனிக்கும் கணவர்களுக்கும் இதே கதை நடக்கும்.

வெளியூர் பிள்ளைகள் கவனிக்க: போனில் பத்து நிமிஷம் அப்பா நல்லாத்தான் பேசுவார். ஆரம்ப கட்டத்தில் அது சாத்தியமே. அதை வைத்து "அம்மா மிகைப்படுத்துறாங்க"ன்னு முடிவு கட்டாதீங்க.

என்ன செய்யலாம்?

👉 சந்தேகப்பட்டால் வாதாடவோ நிரூபிக்கவோ வேண்டாம். "நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள்.

👉 குழப்பம் திடீரென்று கூடினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு காரணமாக இருக்கலாம். சரி செய்யக்கூடியவை.

👉 பிள்ளைகள் முறை போட்டு வாரத்தில் ரெண்டு ராத்திரியாவது அப்பா பக்கத்தில் படுங்கள். அம்மா தூங்கட்டும்.

👉 கோபம் வருவது பாவம் இல்லை. அழுகை நிற்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் 14416 டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு. முதியோர் உதவி எண் 14567.

அடுத்த முறை அப்பாவை செக்கப்புக்கு அழைத்து வரும்போது அம்மாவுக்கும் ஒரு சீட்டு போடுங்க. பிரஷர், சுகர் பார்க்கச் சொல்லுங்க. "நீ தூங்குனியாம்மா?"ன்னு நீங்களும் கேளுங்க.