பரிசிற் பயணம்

அமைந்த நீரில் கலம் ஊர்தல் எளிது. பாறையிடை நுரைத்துப் பாயும் நீரில் ஊர்தலே அரிது. தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லில் காவிரி அத்தகையது. கன்னடத்தில் 'ஹொகே' என்பது புகை. வீழ்நீர்த் திவலை புகையெனத் தோன்றலின் அவ்விடம் புகையும் கல் எனப் பெயர் பெற்றது. கீழே, 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையில் அடங்கி நிற்கும் நீர் இங்கே அடங்குவதில்லை.

அங்கு யாம் நண்பரொடு பரிசில் ஏறினோம். மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முன்னாளில் தோலும் இந்நாளில் பிளாஸ்டிக் தாளும் போர்த்த கலம் அது. முன்னும் பின்னும் அதற்கு இல்லை. அடி தட்டையாதலின் ஆழமில்லா நீரிலும் மிதக்கும். சுழிப்பில் அது சுழன்றபோது எம் நெஞ்சமும் உடன் சுழன்றது. ஓட்டுநரோ நீரோடு மல்லுக்கு நின்றாரில்லை. சுழல விட்டு, பாறை அணுகுங்கால் மட்டும் துடுப்பை ஆழ ஊன்றி இழுத்தார். கலம் விலகிற்று.

"வெள்ளம் பெருகினால் என் செய்வீர், ஐயா?" என வினவினோம்.

"ஓட்டக்கூடாதென்று தடை வரும், தம்பி, அன்று கூலியும் இல்லை" என்றார்.

எமக்கு விளையாட்டாகிய ஆறு அவர்க்கு வாழ்வு. புலவர் பெறும் கொடையையும் பரிசில் என்றனர் நம் முன்னோர். யாம் ஈந்த கூலி சிறிது. அவர்பாற் பெற்ற பரிசிலோ பெரிது.